உங்கள் உடலுக்கு நீங்கள் இடும் கையொப்பம்

சென்ற மாதம் புறநோயாளிகள் பிரிவுக்கு 62 வயதுப் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் வந்திருந்தார். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு என்னிடம் சிகிச்சை பெறுபவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்று அவர் சிகிச்சைக்காக வரவில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காக மருத்துவர் கையொப்பமிட வேண்டிய படிவம் 1ஏ அவர் கையில் இருந்தது. மகன் இங்கிலாந்தில் பணிபுரிபவர்; விடுமுறையில் வந்திருந்தார். வார இறுதிகளில் சிறு விமானம் ஓட்டுவது மகனின் பொழுதுபோக்கு என்று தந்தை பெருமையுடன் சொன்னார்.

“அதற்கு மருத்துவப் பரிசோதனை மிகக் கடுமையாக இருக்குமே?” என்றேன்.

“இல்லை டாக்டர். நான் ஓட்டுவது சின்ன விமானம். கார் ஓட்டுவதற்குரிய உடல்தகுதி எனக்கு இருக்கிறது என்று நானே இணையத்தில் உறுதியளித்தேன். அவ்வளவுதான்” என்றார் மகன்.

தந்தை சிரித்துவிட்டார். “நீ வானத்துல பறக்கறதுக்கே டாக்டர் கையெழுத்து வேண்டாமாம். நான் கடைத்தெருவுக்குப் போய்வர எதுக்குடா?”

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அன்று மாலை வரை அது என்னை விட்டு அகலவில்லை. விமானம் ஓட்டுபவர் நம் வாசகர்களில் அநேகமாக எவரும் இரார். ஸ்கூட்டரோ காரோ ஓட்டாத குடும்பமும் அநேகமாக இராது. அதனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு உரிய விடையை இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்த விதிகள் என்னவென்று பார்ப்போம். பயணிகள் விமானங்களை ஓட்டுவோருக்கு எல்லா நாடுகளிலும் கடுமையான மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஊதியம் பெறாமல் சொந்த விருப்பத்துக்காகச் சிறு விமானம் ஓட்டுவோரைப் பற்றியதே இப்பேச்சு. சர்வதேசத் தரத்தின்படி இவர்களுக்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். நம் நாட்டிலும் அதுவே நடைமுறை. சில நாடுகள் மட்டும் தம் எல்லைக்குள் இதைத் தளர்த்தியுள்ளன.

பிரிட்டனில் 2016 முதல் இத்தகைய விமானிகள் பலர் தம் உடல்தகுதியைத் தாமே அறிவிக்கலாம். 2,000 கிலோவுக்கு மேற்படாத விமானம் என்றால், கார் ஓட்டுநருக்குரிய மருத்துவத் தகுதி தமக்கு உண்டு என்று அவர் நியாயமாக நம்பினால் போதும். உடல்நிலை மாறாதவரை அந்த அறிவிப்பு 70 வயது வரை செல்லும். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2024இல் இத்தகைய சுய அறிவிப்பை ஏற்றது. ஆனால் அங்கே இணையவழிப் பயிற்சியை முடித்த பின்னரே அறிவிக்க முடியும். விமானியுடன் ஒருவர் மட்டுமே பயணம் செய்யலாம். பகலில், கண்ணால் பார்த்து ஓட்டும் வானிலையில் மட்டுமே பறக்கலாம்.

அமெரிக்காவின் வழி சற்று வேறு. 2017 மே முதல் நடைமுறையில் உள்ள ‘பேசிக்மெட்’ என்னும் ஏற்பாட்டின்படி, விமானி நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நீண்ட வினாப்பட்டியலைத் தாமே நிரப்பி, மருத்துவ உரிமம் பெற்ற ஏதேனும் ஒரு மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். விமானத்துறை நியமித்த மருத்துவராக அவர் இருக்க வேண்டியதில்லை. குடும்ப மருத்துவரே போதும். அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கையொப்பமிடுவார். இரண்டாண்டுக்கு ஒருமுறை உடல்நலம் பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றையும் விமானி முடிக்க வேண்டும். மாரடைப்பு, வலிப்பு நோய், மனச்சிதைவு போன்ற சில நோய்கள் வந்திருந்தால், விமானத்துறையின் தனி அனுமதியை ஒரு முறையேனும் பெற்றாக வேண்டும்.

இவற்றைக் கேட்டதும் மருத்துவர் பலரின் மனத்தில் எழும் முதல் எண்ணம், “மக்கள் உண்மையைச் சொல்வார்களா?” என்பதே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சற்றே நேர்மையாக எண்ணிப் பார்த்தால், இக்கேள்வி நம் சான்றிதழ்களையும் விட்டுவைப்பதில்லை.

இருபது நிமிடப் பரிசோதனையில் ஒரு மருத்துவர் எதைக் காண முடியும்? பார்வை, செவி, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இதய ஒலி இவற்றைக் காணலாம். வேண்டுமானால் ஓர் ஈசிஜி எடுக்கலாம். சாலையிலோ வானிலோ ஒருவரைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யும் நோய்களில் பல அந்த இருபது நிமிடத்தில் முகங்காட்டா. இரு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நாளில் வலிப்பு நோயாளி முழு நலத்துடன் எதிரே அமர்ந்திருப்பார். மயங்கி விழுபவர் அன்று மயங்க மாட்டார். சர்க்கரை தாழ்ந்து தடுமாறுபவர் காலை உணவு உண்டுவிட்டு வந்திருப்பார். இரவெல்லாம் மூச்சுத் தடைப்பட்டுப் பகலில் தூங்கி விழுபவர், மருத்துவர் முன் விழிப்புடன்தான் இருப்பார். மனச்சோர்வை மறைக்க ஒரு புன்னகை போதும்.

இவை அனைத்தையும் நாங்கள் அறிவது நீங்கள் சொல்வதால்தான். ஆகவே மருத்துவச் சான்று என்பதும் பெரும்பகுதி நோயாளியின் சுய அறிவிப்பே. அதன் அடியில் வேறொருவர் கையொப்பமிடுகிறார், அவ்வளவே.

இதற்கு வரலாற்றில் துயரமான சான்றுகள் உண்டு. 1972 ஜூன் 18 அன்று லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் என்னுமிடத்தில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து 118 பேரும் மாண்டனர். அதன் தலைமை விமானிக்கு இதய இரத்தக்குழாய்களில் கடுமையான நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. முறையான மருத்துவப் பரிசோதனைகளில் தேறிவந்தவர் அவர். சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை விமான மருத்துவத்துக்கு உணர்த்திய விபத்து அது.

2015 மார்ச் 24 அன்று பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மோதச் செய்ததில் 150 பேர் இறந்தனர். அவர் மனநலச் சிகிச்சையில் இருந்தவர். ‘பணிக்குத் தகுதியற்றவர்’ என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளை அவர் தம் நிறுவனத்திடம் காட்டவில்லை. அவரிடம் செல்லத்தக்க மருத்துவச் சான்று இருந்தது. நோயைச் சொன்னால் விமானி என்னும் வாழ்வே போய்விடும் என்ற அச்சமும் இருந்தது.

தரையிலும் இதுவே நடந்திருக்கிறது. 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிறிஸ்துமஸ் பொருள் வாங்க மக்கள் கூடியிருந்த தெருவில், குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் நினைவிழந்தார். நடைபாதையில் சென்ற ஆறு பேர் உயிரிழந்தனர். அவர் 2010இலேயே ஒரு பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் நினைவிழந்தவர் என்பதும், அதை உரிம அலுவலகத்திடமும் மருத்துவர்களிடமும் உள்ளபடி சொல்லாமல் மறைத்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. கனரக வாகனம் ஓட்டுவதற்கு அந்நாட்டில் மருத்துவரின் அறிக்கை தேவை. அது தேவைப்பட்டும் உண்மை வெளிவரவில்லை.

இம்மூன்றிலிருந்தும் நான் கற்றுக்கொள்வது ஒன்று. பாதுகாப்பு, யார் கையொப்பமிடுகிறார் என்பதைப் பொறுத்திருப்பதைவிட, உண்மை எவ்வளவு எளிதாகப் பேசப்படுகிறது என்பதையே பொறுத்திருக்கிறது. உண்மைக்கு மிகப் பெரிய விலை வைத்தால் மக்கள் பொய்யை நாடுவர். உடல்தகுதி பற்றிய எந்த விதியும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறு விமானம் ஓட்டுவோரின் சுய அறிவிப்பு முறையை நான் எதிர்க்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நாட்டு விமானத்துறை 2021இல் அளித்த அறிக்கை, புதிய முறையில் பறப்போருக்கும் பழைய சான்றுடன் பறப்போருக்கும் இடையே விபத்து அபாயத்தில் வேறுபாடு இல்லை என்றே கூறுகிறது. ஆனால் எல்லாச் சுய அறிவிப்பும் ஒன்றல்ல. 35 வயதில் ஒருமுறை உறுதியளித்துவிட்டு 70 வயது வரை இருந்துவிடலாம் என்னும் ஏற்பாடு எனக்கு அச்சம் தருகிறது. அந்த 35 ஆண்டுகளில்தான் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதய நோயும் நம் வீட்டுக்குள் ஓசையின்றி நுழைகின்றன. அந்த முறையில், மாற்றம் நேர்ந்தால் பறப்பதை நிறுத்த வேண்டிய கடமை விமானிக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் தம் உடலில் நேர்ந்தது அறிவிக்கத்தக்க மாற்றம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்க முறை எனக்கு உகந்ததாகத் தோன்றுவது அதனால்தான். அங்கே நோயாளி தாமே எழுதுகிறார். அவரை அறிந்த மருத்துவருடன் அமர்ந்து அதைப் பேசுகிறார். இடையிடையே பாடமும் படிக்கிறார். ஒருவர் தம்மைப் பற்றி உறுதியளிக்க வேண்டுமானால், தம்மைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயைச் சொல்லித்தராமல் உறுதிமொழி கேட்பது, எழுதப் படிக்கச் சொல்லித்தராமல் கையொப்பம் கேட்பதற்கு ஒப்பாகும்.

இனி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். விமானிக்கே வேண்டாத கையொப்பம் கடைத்தெருவுக்குச் செல்பவருக்கு எதற்கு?

இலகுரக விமானம் பறக்கும்போது அதைச் சுற்றிலும் பெரும்பாலும் வெற்று வானமே இருக்கிறது. ஓட்டுபவர் செயலிழந்தால் பேராபத்து அவருக்கும் உடனிருப்பவருக்குமே. எடைக்கும் பயணிகளின் எண்ணிக்கைக்கும் அந்த நாடுகள் வரம்பு விதித்திருப்பதும் அதனாலேயே. நம் கடைத்தெருவிலோ கைக்கெட்டும் தூரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். பூ விற்பவர் அமர்ந்திருக்கிறார். சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட முடியும் என்பது ஒரு நன்மை. நிறுத்த வேண்டும் என்று உணரும் அளவுக்கு நினைவு இருந்தால்தான் அதுவும் பயன்படும். எனவே, நம் வாகனம் தரையில் ஓடுகிறது என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது.

மற்றொன்றையும் நினைவூட்ட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் விமானிகளைப் போலவே சுய உறுதிமொழி அளித்தவர்கள்தாம். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நிரப்பிய படிவம் 1 நினைவிருக்கிறதா? வலிப்போ, திடீரென நினைவிழக்கும் நோயோ, தலைச்சுற்றலோ உண்டா? 25 மீட்டர் தொலைவில் ஒரு காரின் எண் பலகையைப் படிக்க முடியுமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியுமா? மாலைக்கண் உண்டா? உங்கள் வாகனத்தால் மற்றவர்க்கு ஆபத்து நேரக்கூடிய வேறு நோய் உண்டா? இவையெல்லாம் அதில் இருக்கும் வினாக்கள். வரிசையில் நின்றபடி, படிக்காமலே எல்லாவற்றுக்கும் விடை குறித்துக் கையொப்பமிட்டவர்களே மிகுதி. 40 வயதைக் கடந்தவர்களுக்கும் வாடகை, சரக்கு வாகனம் ஓட்டுவோருக்கும்தான் மருத்துவர் நிரப்பும் படிவம் 1ஏ.

நோயாளிகளை மட்டும் குறைகூறி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. மருத்துவம் பயின்று முடித்த தொடக்க ஆண்டுகளில், “கண் தெரிகிறதா? காது கேட்கிறதா?” என்று கேட்டுவிட்டு இத்தகைய படிவங்களில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். எதிரே இருந்தவருக்கு வலிப்பு உண்டா என்று கேட்ட நினைவில்லை. அக்கையொப்பங்களில் ஒன்றினால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்பதை அறிய இன்று வழியில்லை. நல்லதே நடந்திருக்கும் என்று நம்பிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு ஆறுதலும் இல்லை.

இப்போதும் நாங்கள் செய்யத் தவறுவது ஒன்று உண்டு. வலிப்புக்கு மருந்து தொடங்கும்போதும், இன்சுலின் எழுதும்போதும், தூக்க மாத்திரை தரும்போதும், “வண்டி ஓட்டுகிறீர்களா?” என்று எல்லா நேரமும் கேட்பதில்லை. வீடு திரும்புவோர்க்குத் தரும் சிகிச்சைச் சுருக்கத்தில் உணவும் மருந்தும் மறுவருகை நாளும் இருக்கின்றன. ‘வாகனம் ஓட்டுவது’ என்றொரு வரியும் அதில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எம் மருத்துவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால், நீங்களே கேளுங்கள்.

எவற்றைச் சொல்ல வேண்டும் என்று ஐயம் எழலாம். ஒருமுறையேனும் நினைவிழந்து விழுந்தது; கை கால் இழுத்தது; சில நொடிகள் வெறித்துப் பார்த்துப் பின் எதுவும் நினைவில்லாமற் போனது; சர்க்கரை தாழ்ந்து மற்றவர் உதவியால் மீண்டது; உரத்த குறட்டையும் பகல் தூக்கமும்; நெஞ்சுவலி, படபடப்பு; பார்வையில் ஏற்பட்ட மாற்றம்; புதிதாகத் தொடங்கிய மாத்திரை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சாதாரண மாத்திரைகளில் சில ஆழ்ந்த உறக்கம் தருபவை. அவற்றை விழுங்கிவிட்டு வண்டி எடுப்பவர் தம்மை நோயாளி என்றே எண்ணுவதில்லை.

விமானிகளிடமிருந்து நாம் கடன் வாங்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. சான்று கையில் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் அவர்கள் தம்மைத்தாமே ஆறு கேள்விகள் கேட்டுக்கொள்ளப் பழக்கப்படுகிறார்கள். உடல் நோய் ஏதும் உண்டா? மருந்து எதுவும் உட்கொண்டேனா? மனவழுத்தம் உண்டா? மது அருந்தினேனா? களைப்பாக இருக்கிறேனா? கோபமோ துயரமோ மனத்தைக் கலக்கியிருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் பறப்பதற்கு முன் மறுபடி யோசிக்க வேண்டும். வண்டிச் சாவியை எடுக்கும்போது இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ள நமக்கு அரை நிமிடம் ஆகும். நான்காண்டுக்கு ஒருமுறை இடும் கையொப்பத்தைவிட இந்த அரை நிமிடமே மதிப்பு மிக்கது என்பேன்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். வலிப்பையும் குறட்டையையும் மயக்கத்தையும் முதலில் காண்பவர்கள் நீங்கள். நோயாளிக்கே அவை தெரியாமல் இருக்கலாம். “டாக்டரிடம் சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்” என்ற அச்சத்தில் மறைக்காதீர்கள். பெரும்பாலான நோய்களில் நாங்கள் கேட்பது முழுத் துறவன்று. சிறிது காலப் பொறுமையே. வலிப்பு கண்டவர் ஓராண்டு வலிப்பின்றி இருந்தால் கார் ஓட்டப் பிரிட்டனில் அனுமதிக்கிறார்கள். இன்சுலின் போடுவோரும் அங்கே ஓட்டுகிறார்கள். சரி, அந்த இடைக்காலத்தில் அவரை வேலைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுவிடுபவர் யார் என்பதையும் குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். உண்மை சொன்னவரைத் தனியே விட்டுவிட்டால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

அன்று அந்தப் பெரியவரின் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “வண்டி ஓட்டும்போது எப்போதாவது சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். மகன் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்துப் பெரியவரே பேசினார். “தீபாவளிக்கு முன்னால ஒரு நாள். ரயில்வே கேட் வரைக்கும் எப்படிப் போனேன்னு தெரியலை. டீக்கடைக்காரர்தான் பிடிச்சு உட்கார வெச்சு சர்க்கரை குடுத்தார். வீட்ல யாருக்கும் சொல்லலை.”

மகன் எதுவும் பேசவில்லை. தந்தையின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

அன்று நான் கையொப்பமிடவில்லை. இன்சுலின் அளவை மாற்றினேன். வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நீண்ட பயணமானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். 90க்குக் கீழ் இருந்தால் முதலில் எதையாவது உண்ண வேண்டும். 70ஐ ஒட்டித் தாழ்ந்திருந்தால் வண்டியைத் தொடவே கூடாது. தாழ்ந்த சர்க்கரை சீரான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். பிரிட்டன் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை ஒட்டியது அது. மூன்று மாதம் கழித்துக் குறிப்பேட்டுடன் வரச் சொன்னேன். அதுவரை அவருக்குப் பேருந்தும் மருமகளின் ஸ்கூட்டரும் துணை.

புறப்படும்போது அவர் என்னிடம், “சொல்லாம இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்க, இல்லையா டாக்டர்?” என்றார்.

ஆம், போட்டிருப்பேன். அவருடைய கேள்விக்கு என் விடையும் அதுவே. என் கையொப்பத்தின் மதிப்பு, அவர் அன்று சொன்ன அந்த உண்மையின் அளவுதான்.